60 அங்குல பால்சா விமானம்: எந்த ரேடியோ, எந்த சர்வோ? கையில் 700 வெள்ளி

செந்தூல்_சிறகு

வணக்கம் எல்லாருக்கும். எங்கள் தாமானில் இருக்கும் பெரியவர் ஒருவர் கண் பார்வை குறைந்து போனதால் விமானம் விடுவதை நிறுத்திவிட்டார். தன் பால்சா விமானத்தை என்னிடம் தந்திருக்கிறார். கீழ் இறக்கை, 60 அங்குலம், முன்னாளில் 46 அளவு குளோ எஞ்சின் (எரிபொருளில் ஓடுவது) ஓடியது. நான் அதை மின்மோட்டாருக்கு மாற்றி 4எஸ் லைப்போவில் (நான்கு செல் பேட்டரி) ஓட்டப் போகிறேன். எல்லாம் சேர்ந்து இரண்டரை கிலோவுக்குள் வரும்.

இதுவரை நான் விட்டது நுரை விமானங்கள்தான். பெட்டியில் வந்ததை அப்படியே பூட்டிப் பறக்கவிட்டு வந்தவன். இதில் இருந்த ரிசீவரும் சர்வோக்களும் (அசையும் சிறகுகளைத் திருப்பும் சின்ன மோட்டார்கள்) பழைய காலத்து மெகாஹெர்ட்ஸ் சாமான், கழற்றிவிட்டேன். 700 வெள்ளியில் ரேடியோ, ரிசீவர், நான்கு சர்வோ வாங்க வேண்டும். ரேடியோவுக்கு 500, மிச்சத்தில் சர்வோ என்பது திட்டம். புஷ்ராட் (சர்வோவிலிருந்து போகும் கம்பி), கிளெவிஸ் (அதன் முனையில் ஊசியுள்ள கவ்வி), ஹார்ன் (சிறகில் அது மாட்டும் கொம்பு) எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன, அவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

கிள்ளான்_கருடன்

ரேடியோவில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். ரேடியோ ஒருமுறை வாங்குவது, விமானம் வரும் போகும். ஃபுடாபா, ஸ்பெக்ட்ரம் மாதிரி பேர் உள்ளதைப் பழையதாகவாவது வாங்குங்கள். சர்வோவும் பிராண்டாகவே இருக்கட்டும். மலிவு சாமான் போட்டு விழுந்தால் பால்சா திரும்பி வராது.

தாமான்_பைலட்

500 வெள்ளி ரேடியோ, 50 காசு கிளெவிஸ். எது முதலில் கழலும் என்று பந்தயம் வைக்கலாமா லா.

பட்டர்வொர்த்_பால்சா

தாமான்_பைலட் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். தம்பி, உங்கள் பதிவில் எனக்குப் பயம் தந்தது கடைசி வரி. ரேடியோவைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், ஏனென்றால் அது கையில் இருக்கிறது, திரை இருக்கிறது. விமானத்தைத் திருப்புவது வால் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊசி. 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்த பிறகு சிக்னல் அறுந்து விழுவது குறைந்துவிட்டது. எங்கள் பக்கம் வயல் வரப்பில் பொறுக்கி வந்த துண்டுகளை வைத்துப் பார்த்தால், கழன்ற கிளெவிஸ், சறுக்கிய கம்பி, பிய்ந்த ஹார்ன், கழன்ற பிளக் என்றுதான் கதை முடிகிறது.

அதனால் வாலில் தொடங்கி முன்பக்கம் வாருங்கள். ரேடியோ கடைசி.

முதலில் கிளெவிஸ். பழைய விமானங்களில் அமெரிக்க அளவும் மெட்ரிக் அளவும் கலந்து கிடக்கும். 2-56 என்ற அமெரிக்கக் கம்பி 2.18 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 56 புரி. எம்2 கம்பி 2 மில்லிமீட்டர், புரி இடைவெளி 0.4. 2-56 நைலான் கிளெவிஸை எம்2 கம்பியில் சுற்றினால் ஏறும், பிடித்த மாதிரியும் இருக்கும். கையால் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், உருவிக்கொண்டு வரும். பெரிய அளவில் 4-40க்கும் எம்3க்கும் இதே தொல்லை. எது எது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே அளவில் புதிதாக வாங்குங்கள். ஒரு பெரிய தேத்தாரே செலவுதான்.

இரண்டாவது, நெம்பு விகிதம். நுரை விமானத்திலிருந்து வருகிறவர்கள் சர்வோ கையின் வெளி ஓட்டையில் கம்பியை மாட்டி, சிறகு அதிகம் அசைகிறது என்று ரேடியோவில் 50 சதவீதமாகக் குறைப்பார்கள். சர்வோவின் பாதி பலமும் பாதி துல்லியமும் அங்கேயே போச்சு. மாற்றிச் செய்யுங்கள்: சர்வோ கையில் உள் ஓட்டை, ஹார்னில் வெளி ஓட்டை, ரேடியோவில் 100. சர்வோ கை 10 மில்லிமீட்டர், ஹார்ன் 20 மில்லிமீட்டர் என்று வையுங்கள். சர்வோ 45 டிகிரி திரும்பினால் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் சிறகு) சுமார் 20 டிகிரி அசையும், இந்த விமானத்துக்கு அது தாராளம். விசை இரட்டிப்பாகும். கம்பியில் 0.2 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் 20 மில்லிமீட்டர் ஹார்னில் அது அரை டிகிரிக்குச் சற்று மேல். 10 மில்லிமீட்டர் ஹார்னில் அதே ஆட்டம் ஒரு டிகிரியைத் தாண்டும்.

அந்த ஒரு டிகிரியில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். வேகமாக இறங்கும்போது காற்று அந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு எய்லரானை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் சிறகை, படபடவென்று அடிக்கும். ஃப்ளட்டர். வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம் கேட்கும், ஓரிரு நொடியில் ஹிஞ்ச் (கீல்) பிய்ந்து போகும். கேட்டவுடன் திராட்டிலைக் குறைத்து மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொல்லுங்கள். இறங்கிய பிறகு ஹிஞ்ச், ஹார்ன், சர்வோ பல் மூன்றையும் பார்க்காமல் மறுபடி ஏற்றாதீர்கள்.

கிள்ளான்_கருடன்

அண்ணே, அப்படியென்றால் எல்லாவற்றையும் இரும்புக் கிளெவிஸாகப் போட்டுவிட்டால் கவலை இல்லையே?

பட்டர்வொர்த்_பால்சா

இரும்பு கழலாது என்று யார் சொன்னது? அதுவும் விரியும். எதைப் போட்டாலும் கிளெவிஸின் மேல் ஒரு துண்டு சிலிக்கோன் எரிபொருள் குழாயைத் தள்ளி விடுங்கள், வாய் திறக்காது. இரும்புக் கிளெவிஸுக்குப் பின்னால் ஒரு பூட்டு நட்டு. இன்னொன்று, இரும்பு ஊசி நைலான் ஹார்னில் உட்காரட்டும், இரும்பு ஹார்னில் இரும்பு ஊசி போட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்று ஓட்டை பெரிதாகும். பழைய மெகாஹெர்ட்ஸ் காலத்தில் இரும்போடு இரும்பு உரசினால் ரேடியோவில் இரைச்சல் வரும் என்று தவிர்த்தோம். இப்போது அந்தப் பயம் இல்லை, தேய்மானம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஊசியின் பருமன் பொதுவாக 1.6 மில்லிமீட்டர். ஹார்ன் ஓட்டை சிறியதாக இருந்தால் கத்தி முனையால் குடையாதீர்கள். அளவான டிரில் பிட்டைக் கையால் திருகி எடுங்கள்.

நிபோங்_காற்று

அண்ணன் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். குழாய்க்குள் குழாய் ஓடும் நைலான் புஷ்ராடு இருக்கிறதா என்று பாருங்கள், பழைய விமானங்களில் நிறைய வரும். வெளிக்குழாய் உடம்போடு ஒட்டியிருக்கும், உள்குழாய் எலிவேட்டரைத் தள்ளும். எங்கள் செபராங் பிறை வெயிலில் அது படுத்தும் பாடு இருக்கிறதே. நைலான் சூட்டில் நீளும். 60 சென்டிமீட்டர் குழாய்க்கு 15 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர். ஈரப்பதத்தை உறிஞ்சினாலும் நீளும், நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? காலை எட்டு மணிக்கு டிரிம் (நடுநிலைத் திருத்தம்) பிடித்து நேராகப் பறந்த விமானம், காருக்குள் வெந்துவிட்டுப் பதினொரு மணிக்கு ஏறினால் மூக்கைத் தூக்கும் அல்லது குத்தும். காற்று சரியில்லை என்று சொல்லிக்கொண்டு ஆளாளுக்கு டிரிம் பட்டனைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். ரடருக்கு (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் சிறகு) பரவாயில்லை. எலிவேட்டரில் எனக்கு வேண்டாம்.

பினாங்குத் தீவில் கடலோரம் விடுகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள்: பியானோ கம்பியின் வளைவில் துரு. மேலே துடைத்தால் போகும், வளைவின் உள்பக்கம் அரித்துக்கொண்டே இருக்கும்.

செந்தூல்_சிறகு

அண்ணே, இப்போதுதான் உடம்பைத் திறந்து பார்த்தேன். எலிவேட்டருக்கு 2 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி, 55 சென்டிமீட்டர் நீளம், நடுவில் எந்தத் தாங்கலும் இல்லை. ஹார்ன் எலிவேட்டரின் அடிப்பக்கம். சர்வோ பக்கத்தில் கம்பியைத் திருகு வைத்து இறுக்கும் சின்னப் பித்தளை உருளை. ரடருக்குத்தான் குழாய்க்குள் குழாய். எய்லரானில் ஒவ்வொரு பக்கமும் ஒரு சர்வோ, குட்டையான கம்பி, அதில் குறை தெரியவில்லை. கம்பி இரும்புதானே, வலுவாக இருக்காதா?

தாமான்_பைலட்

அந்தப் பித்தளை உருளை எலிவேட்டரிலா? பெரியவர் இத்தனை நாள் சாமி புண்ணியத்தில் பறந்திருக்கிறார்.

பட்டர்வொர்த்_பால்சா

உருளை முதலில். ஒரே ஒரு திருகின் பிடியில் கம்பி நிற்கிறது. திராட்டிலுக்கு, சின்ன நுரை விமானத்துக்கு ஆகும். எலிவேட்டரில் வேண்டாம். சர்வோ பக்கம் இசட் வளைவு போடுங்கள், அது கழல வழியே இல்லை. வால் பக்கம் மட்டும் புரியும் கிளெவிஸும் இருந்தால் நீளத்தைச் சரிசெய்ய அது போதும். இரண்டு பக்கமும் புரி வைத்தால் கம்பி தானாகச் சுழன்று ஒரு பக்கம் வெளியேறலாம்.

இப்போது கம்பி. இழுப்பில் இரும்பு வலுவானதுதான், தள்ளும்போது அது வில்லாக வளையும். 2 மில்லிமீட்டர் கம்பி 55 சென்டிமீட்டர் தாங்கல் இல்லாமல் நின்றால் சுமார் அரை கிலோ தள்ளு விசையிலேயே நெளிந்துவிடும். உங்கள் சர்வோ 3 கிலோ வகை என்றால் 10 மில்லிமீட்டர் கையில் 3 கிலோ தள்ளும். அதாவது சர்வோ திரும்பும், கம்பி நடுவில் வளையும், எலிவேட்டர் பாதிதான் அசையும். தரையில் நிற்கும்போது எல்லாம் அழகாக வேலை செய்யும், ஏனென்றால் காற்றின் எதிர்ப்பு இல்லை. ஹார்ன் அடியில் இருப்பதால் மூக்கைத் தூக்கும் அசைவு உங்கள் விமானத்தில் தள்ளுவது. குத்தி இறங்கும்போது, வேகம் அதிகமாக இருக்கும்போது, எலிவேட்டர் கட்டாயம் வேண்டிய நேரத்தில் அது வளையும்.

இரண்டு வழி இருக்கிறது. நடுவில் ஒரு தாங்கல் ஒட்டினால் நீளம் பாதியாகும், தாங்கும் விசை நான்கு மடங்காகும். அதைவிட நல்லது 4 மில்லிமீட்டர் கார்பன் குழாய், இரண்டு முனையிலும் குட்டைக் கம்பி செருகி நூல் சுற்றி எபாக்ஸி. அந்தக் குழாய் 2 மில்லிமீட்டர் இரும்பைவிட ஏழெட்டு மடங்கு விறைப்பு, எடையும் குறைவு. ஹார்னை மேல்பக்கம் மாற்ற முடிந்தால் மூக்கைத் தூக்குவது இழுப்பாகிவிடும், ஆனால் அதற்காக உடம்பை வெட்ட வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஹார்னைத் திருகும் இடத்தில் பால்சா நசுங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். நசுங்கியிருந்தால் மெல்லிய சயனோ பசை ஊற வைத்து, அடியில் பின்தட்டு வைத்து இறுக்குங்கள். ஹார்ன் ஓட்டைகளின் கோடு ஹிஞ்ச் கோட்டுக்கு நேர் மேலே வர வேண்டும். பின்னால் தள்ளி வைத்தால் மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு அசையும்.

மின்மினி_ஜெலுத்தோங்

இயந்திரப் பக்கம் அண்ணன் பார்த்துக்கொள்கிறார், நான் கரண்ட் பக்கம் வருகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சர்க்யூட் பலகை சோதிக்கிற வேலையில் இருந்தவள், அதனால் பேட்டரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

தம்பி, 4எஸ் போடுகிறேன் என்றீர்கள். உங்கள் இஎஸ்சியில் (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) உள்ளேயே பிஇசி (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் வோல்டேஜைக் குறைத்துத் தருவது) இருக்கும், அது லீனியரா சுவிட்சிங்கா என்று பாருங்கள். லீனியர் என்றால் மிஞ்சிய வோல்டேஜை எல்லாம் சூடாக்கித்தான் தள்ளும். முழு சார்ஜில் 4எஸ் 16.8 வோல்ட். ரிசீவருக்கு 5 வோல்ட். சர்வோக்கள் ஓர் ஆம்பியர் இழுத்தால் கிட்டத்தட்ட 12 வாட் சூடு அந்த நகம் அளவு சிப்பில் இறங்குகிறது. நம் ஊர் வெயிலில், மூடிய மூக்குக்குள். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்தால் ரிசீவரும் அணையும். ரேடியோ கையில் இருக்கும், விமானம் கேட்காது. சிக்னல் போச்சு என்று தரையில் பேசிக்கொள்வார்கள்.

ஆகவே தனியாக ஒரு சுவிட்சிங் பிஇசி, தொடர்ந்து 5 ஆம்பியராவது தருவது. 5 வோல்ட் அல்லது 6 வோல்ட், சர்வோ எதைத் தாங்குமோ அது. அதை மாட்டியதும் இஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று கம்பியில் சிவப்பை மட்டும் பிளக்கிலிருந்து உருவி டேப் சுற்றி வையுங்கள். இரண்டு மின்மூலமும் ஒரே ரிசீவரில் முட்டிக்கொள்ளக்கூடாது.

சோதனை எளிது. ரிசீவர் வோல்டேஜ் திரையில் தெரியும்படி டெலிமெட்ரி வையுங்கள். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு எல்லாச் சிறகையும் ஒரே நேரத்தில் வேகமாக ஆட்டுங்கள், இன்னொருவர் எலிவேட்டரைக் கையால் லேசாகத் தடுக்கட்டும். 5 வோல்ட் அமைப்பில் எண் 4.8க்குக் கீழே சரிந்தால் எனக்குத் திருப்தி இல்லை.

பிளக் விஷயம்: எய்லரானுக்கு நீட்டிப்புக் கம்பி போடும் இடத்தில் இரண்டு பிளக்கும் சேரும் இணைப்பை நூலால் கட்டுங்கள் அல்லது சுருங்கு குழாய் போடுங்கள். இறக்கையை மாட்டும்போது இழுபட்டு அரைகுறையாக நிற்கும், தரையில் வேலை செய்யும்.

கிள்ளான்_கருடன்

அக்கா, எல்லாம் சரி. சர்வோவில் மலிவு போடலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் இணையத்தில் வாங்கிய ஒரு செட், பெட்டியில் பெரிய பேர், உள்ளே வேறு சாமான். நடுவுக்குத் திரும்பவே திரும்பாது.

மின்மினி_ஜெலுத்தோங்

பேர் பார்த்து வாங்கியதுதானே அது, கருடன்? பேர் இருக்கும் சாமானைத்தான் போலி செய்வார்கள். அதனால் நான் பேரை நம்புவதைவிடச் சோதனையை நம்புகிறேன். நம்பகமான கடையில் வாங்குங்கள், வந்ததும் மேசையில் வைத்துப் பாருங்கள். சர்வோ டெஸ்டர் ஒன்று ஜாலான் பாசார் பக்கம் போனாலோ இணையத்திலோ கிடைக்கும், விலை ஒன்றும் இல்லை. நீளமான ஊசியைக் கையாக ஒட்டி, இடமிருந்து நடுவுக்கும் வலமிருந்து நடுவுக்கும் கொண்டுவாருங்கள். ஊசி இரண்டு முறையும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கையால் மெல்ல ஆட்டிப் பல்லின் ஆட்டத்தைப் பாருங்கள். எடையை நிறுத்துப் பட்டியலில் போட்டதோடு ஒப்பிடுங்கள், போலி பெரும்பாலும் அங்கேயே மாட்டும். பலம் வேண்டுமென்றால் பெட்டி தூக்கிப் பார்க்கும் ஸ்பிரிங் தராசைக் கையின் நுனியில் மாட்டி இழுக்கலாம். அப்புறம் மணிக்கணக்கில் ஓடவிட்டுச் சூட்டைத் தொட்டுப் பாருங்கள்.

பட்டர்வொர்த்_பால்சா

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த விமானத்துக்குச் சாதாரண அளவு சர்வோ, 6 வோல்ட்டில் 4 கிலோகிராம் சென்டிமீட்டர் அளவில் இருந்தால் போதும், வெளியச்சில் பால் பேரிங் இருக்கட்டும். 15 கிலோ, 20 கிலோ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவ்வளவு பலம் கரண்டையும் அதே மாதிரி இழுக்கும், பிஇசி தாங்க வேண்டும். உலோகப் பல்லா நைலான் பல்லா என்று கேட்பீர்கள். நைலான் பல் தட்டினால் உடையும். உலோகப் பல் உடையாது, நாளாக நாளாகத் தேய்ந்து ஆட்டம் வைக்கும். எய்லரான், எலிவேட்டருக்கு நல்ல நைலானே எனக்குப் பிடிக்கும். ரடர் சர்வோ மூக்குச் சக்கரத்தையும் திருப்புகிறது என்றால் அதற்கு மட்டும் உலோகம், நம் திடல்களில் இருக்கும் மேடுபள்ளத்துக்கு.

சர்வோ கையை மாற்றும்போது வெளியச்சின் பல் எண்ணிக்கை பாருங்கள். ஃபுடாபாவில் 25, ஹைடெக்கின் பழைய வகைகளில் 24, ஜேஆரில் 23. ஒன்றின் கை இன்னொன்றில் அழுத்தினால் ஏறும். பறக்கும்போது சறுக்கும்.

நிபோங்_காற்று

சர்வோவை மரத்தில் திருகும்போது ரப்பர் வளையத்தில் செருகும் பித்தளைக் குழல் எந்தப் பக்கம்? பாதிப் பேர் தலைகீழாகப் போடுகிறார்கள். அகன்ற விளிம்பு மரத்தைத் தொட வேண்டும், அதாவது அடியிலிருந்து செருக வேண்டும். மேலிருந்து செருகினால் குழலின் ஒடுங்கிய முனை மரத்துக்குள் அமிழ்ந்து, விளிம்பு ரப்பரை நசுக்கும், அதிர்வெல்லாம் சர்வோவுக்கே போகும்.

செந்தூல்_சிறகு

நிறைய கற்றுக்கொண்டேன், அண்ணே, அக்கா. அப்படியென்றால் பணத்தைத் தலைகீழாகப் பிரிக்கிறேன். முதலில் கார்பன் குழாய், கிளெவிஸ், ஹார்ன், ஹிஞ்ச். அப்புறம் பிஇசி, சர்வோ நான்கு. மிச்சத்தில் ரேடியோ. மிச்சத்தில் என்ன வரும்?

தாமான்_பைலட்

ரேடியோமாஸ்டர் அல்லது ஃப்ளைஸ்கை. இரண்டிலும் ஆயிரம் பேர் பறக்கிறார்கள். கருடன் அண்ணன் கோபப்படுவார், பரவாயில்லை.

கிள்ளான்_கருடன்

கோபம் எதற்கு. பழைய ஃபுடாபா வாங்கினால் ரிசீவர் விலையில் மாட்டிக்கொள்வீர்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

மின்மினி_ஜெலுத்தோங்

எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற ரேடியோ அமைப்பை எடுப்பதானால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பதிப்பையே எடுங்கள். 900 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து வெளிநாட்டு அமைப்புகள் நம் நாட்டில் அனுமதித்த பகுதிக்கு வெளியே போகும். சிரிம் (தரச்சான்று நிறுவனம்) முத்திரை உள்ளதா என்று விற்பவரிடம் கேளுங்கள். கோலாலம்பூரில் வைஃபை நெருக்கம் அதிகம் என்று பயப்பட வேண்டாம், இப்போதைய ரேடியோக்கள் அலைவரிசை தாவிக்கொண்டே இருக்கும். ஆன்டெனாவைச் சரியாக வைப்பது அதைவிட முக்கியம். முனையில் உறை உரித்த 31 மில்லிமீட்டர்தான் வேலை செய்யும் பகுதி, அதை மடிக்காதீர்கள். இரண்டு இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக. புதிதாகப் போடும் கார்பன் குழாய்க்குப் பக்கத்தில் வேண்டாம், கார்பன் அலையை மறைக்கும்.

செந்தூல்_சிறகு

கடைசியாக ஒன்று, அக்கா. சிக்னல் போனால் என்ன ஆக வேண்டும் என்று அமைப்பதில், கடைசி நிலையைப் பிடித்துக்கொள்வதா, திராட்டிலை மூடுவதா?

மின்மினி_ஜெலுத்தோங்

திராட்டில் மூடுவது, எய்லரானும் எலிவேட்டரும் ரடரும் நடு. கடைசி நிலையைப் பிடித்துக்கொண்டால் முழு வேகத்தில் யாருடைய தலைக்கு மேல் போகுமோ. புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரை ஓடவிட்டு, ரேடியோவை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்காவிட்டால் நீங்கள் அமைத்தது பதிவாகவில்லை. புதிதாக பைண்ட் செய்தால் (ரேடியோவையும் ரிசீவரையும் ஜோடி சேர்த்தால்) மறுபடி பாருங்கள், சில ரிசீவர்களில் அது அழிந்துபோகும். பிறகு ரேஞ்ச் சோதனை: ரேடியோவைக் குறைந்த சக்தி முறையில் வைத்து 30 மீட்டர் நடந்து போய், மோட்டார் நின்ற நிலையில் ஒருமுறை, ஓடும் நிலையில் ஒருமுறை. மோட்டார் ஓடும்போது மட்டும் சர்வோ நடுங்கினால் இஎஸ்சி கம்பியிலிருந்து ரிசீவரைத் தள்ளி வையுங்கள்.

பட்டர்வொர்த்_பால்சா

கார்பன் குழாயில் கம்பியைச் செருகும் முன் உப்புத்தாளால் இரண்டையும் சொரசொரப்பாக்குங்கள் தம்பி, 30 நிமிட எபாக்ஸி போடுங்கள், 5 நிமிட எபாக்ஸி வேண்டாம். காய்ந்ததும் கம்பியைக் குறட்டால் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். படம் எடுத்துப் போடுங்கள், ஹார்ன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.